மனு கொடுப்பவர் யாரென்று ஊருக்குத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரி மாவட்டத்தில் கடைகள் அடைக்கப்பட்டன. மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் பதிந்து அனுமதி பெற வேண்டும் என்ற இ-பாஸ் முறையை நீக்க வேண்டும் என்பது வணிகர்களின் முதன்மைக் கோரிக்கை. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 29-இல் பிறப்பித்த உத்தரவின்படி அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததும், 2025 ஏப்ரல் 1 முதல் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைக்கப்பட்டதும் தங்கள் வாசகர்கள் அறிந்தவையே. அந்த அடைப்பையொட்டி எழுந்த பேச்சு எங்கள் பகுதியில் இன்னும் ஓயவில்லை. சங்கம் வைத்துக்கொண்டு அரசை மிரட்டுகிறார்கள் என்று ஒரு சாராரும், சங்கம் இல்லாவிட்டால் மலையில் இருப்பவன் குரல் கோட்டை வரை எப்படிப் போகும் என்று மற்றொரு சாராரும் பேசிக்கொள்வதைப் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடையடைப்பும் உண்ணாவிரதமும் ஊரறிய நடப்பவை. கேட்பவர் யார், கேட்பது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அரசாணையின் வரைவு எழுதப்படும் மேசைக்கு அருகில், ஆரவாரமின்றி, ஒரு சிலர் கேட்டுப் பெறுவதுதான் பிறகு நம் எல்லோருக்கும் விதியாக வந்து சேருகிறது. அந்தப் பேச்சை ஒரு பதிவேட்டில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் கோத்தகிரி வட்டத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. சங்கங்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நானே ஒரு சங்கத்தின் உறுப்பினன். சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நமக்குத் தந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் சமூக அறிவியல் பாடத்தில் ‘அழுத்தக் குழுக்கள்’ என்றொரு பகுதி வருகிறது. தொழிலதிபர்களின் கூட்டமைப்பு, தொழிற்சங்கங்கள், மருத்துவர் சங்கம் ஆகியவற்றோடு எங்கள் மாவட்டத்தின் இளம் படகர் சங்கத்தின் பெயரும் அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருப்பதை அவள் பெருமையோடு காட்டினாள். தேர்தலில் நிற்காமல், ஆட்சியைப் பிடிக்க முனையாமல், ஆட்சியில் இருப்பவரின் முடிவைத் தம் பக்கம் திருப்ப முயல்பவர்கள் என்று இவர்களுக்கு விளக்கம் சொல்லலாம். ஆட்சியில் இருப்பவர்களுக்கும் இவர்கள் தேவைப்படுகிறார்கள். கொழுந்து எப்போது துளிர்க்கும், உறைபனியில் எத்தனை நாள் இலை கருகிக் கிடக்கும் என்பதைத் தலைமைச் செயலகத்தில் இருப்பவர் யாரிடமாவது கேட்டுத்தான் அறிந்தாக வேண்டும்.

தோட்டத் தொழிலின் குரல் அரசிடம் போய்ச் சேர்வது இன்று நேற்று தொடங்கியதன்று. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், நாம் உபாசி என்று அழைப்பது, 1893-இல் தோன்றியது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 6 இடங்கள் வணிகம், தொழில், சுரங்கம், தோட்டத் தொழில் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. நிலக்கிழார்களுக்கு 6, தொழிலாளர்களுக்கு 6. வாக்குரிமை சிலருக்கு மட்டுமே இருந்த காலத்து ஏற்பாடு அது. அது திரும்பி வர வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆயினும் அதில் ஒரு வெளிப்படைத்தன்மை இருந்தது. தோட்ட முதலாளிக்காகப் பேசுபவர் பேரவையில் எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்பது எதிரே இருந்தவருக்குத் தெரியும். அவர் பேசியது அவைக் குறிப்பில் ஏறியது. ஒதுக்கீட்டு நாற்காலிகள் போய்விட்டன. பேசுபவர்கள் போகவில்லை, குறிப்பில் ஏறும் வழக்கம்தான் போய்விட்டது.

அவர்களால் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1998 டிசம்பரில் இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, சலுகைத் தீர்வையில் வரும் இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ என்ற உச்சவரம்பு வைக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்த பிறகு நீலகிரித் தேயிலை தன் பெரிய சந்தையை இழந்து தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வரம்பு பெரிய தோட்டக்காரருக்கும் எனக்கும் ஒருசேரக் காப்பாக இருந்தது. இருவரின் நலமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அவர்களின் பேச்சு எனக்கும் சேர்த்தே பலன் தருகிறது. இருவர் நலமும் பிரியும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பச்சைத் தேயிலை விலையைக் கொண்டு சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

2003-ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ், தொழிற்சாலை தான் விற்ற தூளின் விலையில் ஒரு பங்கை இலை கொடுத்த விவசாயிக்குத் தர வேண்டும். எங்கள் பகுதியில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்பது விகிதம். கேட்பவருக்கு இது மிகவும் நியாயமாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. தூள் சராசரியாகக் கிலோ 100 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். விவசாயிகள் பங்கு 65 ரூபாய். இந்த 65 ரூபாயை எத்தனை கிலோ பச்சை இலைக்குப் பங்கிடுவது? ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோ இலை போதும் என்று கணக்கிட்டால், இலைக்குக் கிலோவுக்கு 16 ரூபாய் 25 காசு கிடைக்கும். நாலரைக் கிலோ வேண்டும் என்று கணக்கிட்டால் அதுவே 14 ரூபாய் 44 காசு ஆகிவிடும். விகிதத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. ஆணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அரைக் கிலோ என்ற ஓர் எண் மட்டும் அசைந்ததில் கிலோவுக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 80 காசு போய்விட்டது. ஆண்டுக்கு 6,000 கிலோ இலை கொடுக்கும் என் போன்றவருக்கு அது 10,800 ரூபாய். நாளொன்றுக்குப் பத்தாயிரம் கிலோ இலை வாங்கும் தொழிற்சாலைக்கோ அது ஒரு நாளைக்கே 18,000 ரூபாய். சராசரி விலை என்பதில் குன்னூர் ஏலத்தில் விற்றதை மட்டும் சேர்ப்பதா, ஏலத்துக்கு வெளியே நேரடியாக விற்றதையும் சேர்ப்பதா, எந்தெந்தத் தரத் தூளைக் கணக்கில் எடுப்பது, முற்றிய கரட்டு இலைக்கு எவ்வளவு கழிப்பது என்று இன்னும் பல எண்கள் இதே போல் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வோர் எண்ணையும் யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில், யாரிடமோ தகவல் கேட்டுத்தான் எழுதுகிறார்.

இங்கேதான் சிறியவனுக்கும் பெரியவனுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஒரு நாளைக்கு 18,000 ரூபாய் வித்தியாசம் வரும் என்றால், அதற்கென ஒரு பட்டயக் கணக்கரை அமர்த்துவதும், தேயிலை வாரியம் இருக்கும் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் ஆள் அனுப்புவதும், அதிகாரி மாறும்போதெல்லாம் புதியவரைச் சந்தித்துத் தம் தரப்பை விளக்குவதும் தொழிற்சாலைக்காரருக்கு லாபமான செலவு. ஆண்டுக்கு 10,800 ரூபாய்க்காக நான் குன்னூருக்கு நான்கு முறை அலைந்தால், பேருந்துச் செலவோடு நான்கு நாள் இலை பறிப்பும் கெடும். பறிக்காமல் விட்ட இலை முற்றிப்போகும். தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணி ஒரு கூடத்தில் அமர வைத்துவிடலாம். விவசாயிகள் பல்லாயிரம் பேர், கூடலூர் முதல் கோத்தகிரி வரை சிதறிக் கிடக்கிறோம். ஒருவர் போனால் போதும், பலன் எல்லோருக்கும் வருமே என்று ஒவ்வொருவரும் நினைத்து, கடைசியில் ஒருவரும் போவதில்லை. இதில் யாருடைய தீய எண்ணமும் தேவைப்படவில்லை. பயன் சிலரிடம் குவிந்தும் இழப்பு பலரிடம் சிதறியும் கிடந்தால், குவிந்த பக்கம் தானாகவே முந்திக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஹட்டியிலிருந்து, அதாவது எங்கள் படகர் ஊரிலிருந்து, பதினோரு பேர் ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போனோம். அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்களைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார்கள். மரியாதைக் குறைவாக யாரும் நடத்தவில்லை, தேநீரும் வந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து உள்ளே அழைத்தார்கள். எங்களுக்கு முன்பே வந்திருந்த நான்கு பேர் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தார்கள். மேசைமேல் அவர்கள் வைத்துவிட்டுப் போன தாள்கள் இருந்தன: அட்டை போட்டு, பக்க எண் இட்டு, கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டு, இறுதியில் ஆணையின் எந்தப் பத்தியில் எந்த வரியை எப்படித் திருத்தலாம் என்று ஆங்கிலத்தில் வாசகமே தயாரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் மனு ஒன்றரைப் பக்கம், என் கையெழுத்து. அதில் எங்கள் கஷ்டம் முழுவதும் இருந்தது. திருத்த வேண்டிய வரி இல்லை. அந்த அதிகாரி நல்லவர். படித்துப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் எந்த விதியை எப்படி மாற்ற வேண்டும் என்கிறீர்கள் என்று கேட்டார். பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று மாதம் கழித்து, மனு பரிசீலனையில் உள்ளதாக ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்த நால்வர் கொடுத்த தாளில் என்ன இருந்தது, அதற்கு என்ன பதில் போயிற்று என்பதை இன்றுவரை நாங்கள் அறியோம். அது தவறான கணக்கு என்று நான் குற்றம் சாட்டவில்லை. அது சரியா தவறா என்று சொல்லும் வாய்ப்பே எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. 2023 செப்டம்பரில் கிலோவுக்கு 33 ரூபாய்க்கு மேல் விலை கேட்டு எங்கள் மக்கள் வாரக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தபோது, பந்தலில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மேசைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. மேசையில் இடம் கிடைக்காதவர்கள் பந்தலுக்கு வருகிறார்கள். பந்தலைப் படம் பிடிக்கப் பத்திரிகையாளர்கள் வருகிறார்கள். மேசையைப் படம் பிடிக்க ஆள் இல்லை.

கூடலூர் நிலச் சிக்கலில் இதே செல்வாக்கு வேறு வடிவம் எடுக்கிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குப் பரம்பரை உடைமையாயிருந்த சுமார் 80,000 ஏக்கர் ஜென்ம நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. தோட்ட நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. காடுகளை எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அதையும் எதிர்த்து வழக்கு. 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது. இன்று வனத்துறைக் கோப்புகள் எல்லாவற்றையும் ஆளும் கோதவர்மன் வழக்கும், 1995-இல் இதே கூடலூர் மலைகளில் மரம் வெட்டுவதைத் தடுக்கக் கேட்டுத் தொடங்கியதுதான். நீதிமன்றம் செல்வது நிறுவனங்களின் உரிமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு வழக்கை முப்பது, நாற்பது ஆண்டுகள் நடத்தும் வசதி யாருக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கு நடந்த காலமெல்லாம் பெரிய தோட்டங்களில் கொழுந்து பறிப்பது நின்றுவிடவில்லை. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலம் என்று வகைப்படுத்தப்பட்ட இடத்தில் கால் ஏக்கரில் வீடு கட்டிக் குடியிருந்தவர், பட்டாவும் இல்லாமல், பல இடங்களில் மின் இணைப்பும் இல்லாமல், மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். அந்தக் காத்திருப்பைத் தாங்கும் பண வலிமை உள்ளவர்களுக்கு அது சாதகமாகவே அமைகிறது.

சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். 2010 ஆகஸ்டில் அந்த வழித்தடத்தை அறிவிக்கும் அரசாணை வந்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அனுமதி பெறாத விடுதிகளை மூடி முத்திரையிடும் உத்தரவு 2018 ஆகஸ்டில்தான் வந்தது. 2020 அக்டோபர் 14-இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்று, தனிப்பட்டவர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்தது. இத்தனை ஆண்டுகளும் மசினகுடியின் வாகன ஓட்டுநர்களும் விடுதிப் பணியாளர்களும் பழங்குடிக் குடியிருப்புகளும் இருதரப்புப் பேச்சிலும் வந்தார்கள். அவர்கள் வாழ்வாதாரம் போய்விடும் என்றது ஒரு தரப்பு. காடு அழிந்தால் அவர்களே முதலில் அழிவார்கள் என்றது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லி யார் யார் எந்தத் துறையிடம் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் அவர்களுக்கே தெரியாது. காட்டைக் காக்கும் அமைப்புகளும் அழுத்தக் குழுக்கள்தான் என்பதையும், பதிவேடு வந்தால் அவர்களும் அதில் கையெழுத்திட்டாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழனி மலையிலும் கதை அதுவே. கொடைக்கானலில் ஒரு விடுதிக்காக மலைப்பகுதிக் கட்டட விதிகளைத் தளர்த்தி ஏழு மாடி வரை கட்ட 1994-இல் அனுமதி தரப்பட்டது. பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பு நீதிமன்றம் சென்றதால் அது வெளியே வந்தது, ரத்தும் ஆனது. அதையொட்டித் தொடரப்பட்ட குற்ற வழக்கில் 2000 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அந்தத் தண்டனைத் தீர்ப்பு வந்த நாளில் தருமபுரியில் ஒரு பேருந்து எரிக்கப்பட்டு மூன்று கல்லூரி மாணவிகள் இறந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. நான் இங்கே குறிப்பிட விரும்புவது வழக்கின் வெற்றி தோல்வியை அன்று. விதி எல்லோருக்கும் பொது. விதிவிலக்கு ஒருவருக்கு மட்டும். எனவே செல்வாக்குள்ளவர் விதியை மாற்றக்கூடத் தேவையில்லை, ஒரு விலக்கு கிடைத்தால் போதும். அந்த விலக்கைக் கேட்டவர் பெயரும், அவர் சொன்ன காரணமும், அதை ஏற்ற அதிகாரியின் குறிப்பும் அன்றைக்கே அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தால், அங்கேயே ஊர் கேட்டிருக்கும். நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை.

பிறரை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மை ஆகாது. எங்கள் ஊர்ச் சாலைக்குத் தார் போட்டது எங்கள் சங்கத்தின் செல்வாக்கால்தான். உறுப்பினர் ஒருவருக்கு ஆளுங்கட்சியில் நெருங்கிய உறவினர் இருந்தார். இரண்டு முறை சென்னை போனோம், நிதி வந்தது. எங்கள் சரிவுக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில் ஓர் இருளர் குடியிருப்பு இருக்கிறது. அவர்கள் எங்களுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, கிராம சபையில் தீர்மானம் போட்டு, சாலை கேட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்கள் புதுச் சாலைவரை ஏறி வந்த இரவில், சாலை ஓரத்தில் நானும் நின்றிருந்தேன். அந்த ஆண்டு ஒன்றியத்தில் இருந்த பணம் யார் யாரால் கேட்கப்பட்டது, எந்த வரிசையில் கேட்கப்பட்டது என்று ஒரு பட்டியல் இருந்திருந்தால், எங்களில் சிலருக்காவது அதைப் பார்த்து நா எழுந்திருக்காது.

பணம் இதனோடு சேரும்போது சிக்கல் பன்மடங்காகிறது. கட்சிகளுக்கு நிறுவனங்கள் தரும் நன்கொடைக்கு, மூன்றாண்டு சராசரி லாபத்தில் ஏழரை விழுக்காடு என்று இருந்த வரம்பு 2017-இல் நீக்கப்பட்டது. 2018-இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம், கொடுத்தவர் யார் என்பதையே வாக்காளரிடமிருந்து மறைத்தது. வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று கூறி 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. கொடுத்த பணத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. கொடுத்த மனுவைப் பற்றி, நடந்த சந்திப்பைப் பற்றி நம் நாட்டில் இன்னும் தனிச் சட்டம் இல்லை. அரசிடம் ஆதரவு திரட்டும் பணியை வெளிப்படுத்தக் கோரும் தனிநபர் மசோதா ஒன்று 2013-இல் மக்களவை உறுப்பினர் ஒருவரால் கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு அயர்லாந்தை நினைவூட்ட விரும்புகிறேன். அங்கே 2015-இல் இயற்றிய சட்டப்படி, அரசின் கொள்கையைப் பற்றியோ நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றுவது பற்றியோ அமைச்சரிடமும் மூத்த அதிகாரியிடமும் உள்ளாட்சி உறுப்பினரிடமும் பேசும் நிறுவனங்களும் அமைப்புகளும், யாரிடம் எதைப் பற்றிப் பேசினோம் என்பதை ஆண்டுக்கு மூன்று முறை பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும். அதை இணையத்தில் எவரும் படிக்கலாம். அமெரிக்காவிலும் 1995-இல் இயற்றிய சட்டம் ஒன்று இதற்கு இருக்கிறது. அங்கெல்லாம் பணபலம் ஒழிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. யார் கேட்டார் என்பதைப் பத்திரிகைகளும் எதிர்த்தரப்பும் சுட்டிக்காட்ட முடிகிறது, அவ்வளவே. நமக்கு அந்த அளவுகூட இல்லை.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கருவிகளும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான உண்மைகளைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு 2005 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசு ஒரு நடைமுறையை ஏற்றுக்கொண்டது. ஆனால் வரைவு எந்த மொழியில் வருகிறது? 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆங்கில வரைவைப் படித்து, முப்பது நாளுக்குள் பத்தி எண்ணோடு பதில் எழுதக்கூடியவர் யாரோ, அவருக்கே அந்த முப்பது நாளும் சொந்தம்.

எனவே நான் கேட்பவை சில. உதகை பிங்கர்போஸ்டில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் நான் கொடுக்கும் மனுவுக்கு எண் உண்டு, தேதி உண்டு, ரசீது உண்டு. அதே அளவு ஒழுங்கு, அமைச்சரையும் துறைச் செயலாளரையும் ஆட்சியரையும் தேயிலை வாரிய அதிகாரிகளையும் நேரில் சந்தித்துத் தரப்படும் கோரிக்கைகளுக்கும் வேண்டும். சங்கமோ நிறுவனமோ எதுவாயினும், வந்தவர் பெயர், சார்ந்த அமைப்பு, கேட்ட பொருள், கொடுத்த தாள் ஆகியவை ஒரு மாதத்துக்குள் வெளியாக வேண்டும். தனிமனிதரின் சொந்தக் குறையும், ஊழலை மறைவாகத் தெரிவிப்பவரின் புகாரும் இதில் சேரக்கூடாது. மலைப்பகுதியில் கட்டட அனுமதியைப் பார்க்கும் ஹாகா குழுமமும், நம் மாவட்டத்தில் ட்ரிபிள் ஏ என்று சொல்லப்படும் கட்டட வடிவமைப்பு, அழகியல் குழுவும், தம் கூட்டத்துக்கு வரும் விண்ணப்பங்களின் பட்டியலை முன்கூட்டியும், எடுத்த முடிவைக் காரணத்தோடு பின்னரும் வெளியிட வேண்டும். பச்சைத் தேயிலையின் மாதாந்திர விலையை அறிவிக்கும்போது, கணக்கில் சேர்த்த ஒவ்வோர் எண்ணும், அதைத் தந்தவர் யார் என்பதும் தமிழில் வர வேண்டும். மறுப்புச் சொல்ல எங்களுக்குப் பதினைந்து நாளாவது தர வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஓர் அரசாணை போதும், தேயிலை வாரியத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படி வெளியிட்டால் அதிகாரியிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று ஒரு மறுப்பு வரும். நாங்கள் பதினோரு பேரும் கதவு திறந்திருக்கும்போதுதான் பேசினோம்; தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதனால் எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் குறையவில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். குன்னூர் ஏலத்தில் எத்தனை கிலோ வந்தது, எத்தனை விற்றது, சராசரி விலை என்ன என்பதை நீலகிரிச் செய்திப் பக்கத்தில் தாங்கள் வெளியிடுகிறீர்கள். இலை மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அதன் அருகிலேயே, அந்த மாதம் தேயிலை தொடர்பாக எந்த அமைப்பு, எந்த அலுவலகத்தில், என்ன கோரிக்கை கொடுத்தது என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி கேட்டுப் பெற்று, நான்கு வரியில் வெளியிட வேண்டுகிறேன். முதல் மாதத்தில் எங்கள் சங்கம் கொடுத்த மனுவின் படியை நானே தங்கள் உதகை நிருபரிடம் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.